நாற்பது மில்லி ஆயிலும் ஒரு மாப்பிள்ளையும்

முறைப்படி செய்தால் எந்தக் காரியமும் கெட்டுப்போகாது என்று நம்புகிற ஆட்களில் நானும் ஒருவன். மறைமலைநகரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். எந்தப் பழுதாக இருந்தாலும் 'ஏன்' என்ற கேள்வியை ஐந்து முறை அடுத்தடுத்துக் கேட்டால் மூலகாரணம் கிடைத்துவிடும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன். (வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். ஏன் தூங்குகிறார்கள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.) அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு படியைக்கூடத் தவறவிடாமல் எல்லாவற்றையும் முறைப்படி செய்து, பக்கத்து வீட்டு நிக்காஹை ஏறத்தாழ நிறுத்திவிட்டேன்.

ஓய்வு பெற்றதும் நானும் என் மனைவி சரோஜாவும் கடப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். குறுகலான சந்து. ஒரு முனையில் மெயின் ரோடு, மறு முனையில் கழிமுகம். சந்தின் கடைசி வீடு ஷாகுல் பாயுடையது. எங்கள் கேட்டை ஒட்டி, சுவருக்கு வெளியே எங்களுடைய பெரிய புங்கமரம் ஒன்று இருந்தது. அது சந்துப் பக்கம் சாய்ந்திருப்பதை ஷாகுல் பாய் ஒரு மாதம் முன்பே வந்து சொன்னார்.

"சார், நம்ம நஸ்ரினுக்கு நிக்காஹ் வெச்சிருக்கோம். வூட்லயே பந்தல். மாப்ள ஊட்டுக்காரங்க வண்டியெல்லாம் இந்த வழியாத்தான் வரணும். இந்த மரத்த கொஞ்சம் கழிச்சி வுட்டா நல்லாருக்கும். ஆளு நானே அனுப்பறேன் சார்."

"ஆள் எல்லாம் வேண்டாம் பாய். அரிவாளோட ஏறி இஷ்டத்துக்கு வெட்டினா மரத்துக்கும் ஆபத்து, ஏறுறவனுக்கும் ஆபத்து. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. என்கிட்ட செயின்சா இருக்கு. நானே பண்ணிடறேன்."

செயின்சா, அதாவது பெட்ரோலில் ஓடுகிற சங்கிலி ரம்பம், இருந்தது உண்மை. தொழிற்சாலையின் கழிவுப் பொருள் ஏலத்தில் எடுத்தது. என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. நான் அதைப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டி, பராமரிப்பு அட்டை ஒன்று எழுதி அதன் கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தேன். இயக்கிப் பார்த்ததில்லை. அட்டை மட்டும் முழுமையாக இருந்தது.

மரத்தை எங்கே வெட்டுவது என்று சாக்பீஸால் குறித்தேன். வரைபடமும் போட்டேன். வரைபடம் முடிவதற்குள் நிக்காஹ் வந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் இரவு காற்று அடித்தது.

காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால், புங்கமரம் முழங்கால் உயரத்தில் முறிந்து, சந்தைக் குறுக்கே அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. தலை எதிரே உள்ள காலி மனைக்குள் கிடந்தது. அடிமரமும் பெரிய கிளைகளும் சந்தில். என் வீட்டு கேட்டும் அடைபட்டுப் போயிற்று. கிளைகளுக்குள் குனிந்து நெளிந்து ஒரு ஆள் வரலாம். பட்டுப்புடவை கட்டிய பெண்களும் முழங்கால் வலிக்காரர்களும் வரமுடியாது. (நான் சாக்பீஸால் போட்ட கோடு அப்படியே இருந்தது. முறிந்த இடத்துக்கு நான்கு அடி மேலே.)

ஷாகுல் பாய் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். தலையில் புதுத் தொப்பி. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சார், பதினோரு மணிக்கு நிக்காஹ். ஓதி வெக்கிற ஹஜ்ரத்துக்கு ஒரு மணிக்கு செங்கல்பட்டுல இன்னொரு நிக்காஹ் இருக்கு. லேட்டாச்சின்னா அவரு கிளம்பிடுவாரு. மாப்ளைக்கு பெரியத்தா, அதான் சார் பெரியப்பா, ஒருத்தரு இருக்காரு. அவரு முதல்ல இருந்தே, இவ்ளோ சின்ன சந்துக்குள்ளவா சம்பந்தம்னு கேட்டவரு."

"எட்டரை மணிக்கு வழி ரெடி பாய்" என்றேன்.

அப்போது அங்கே வந்தவர் தேசிங்கு. கடலுக்குப் போகிறவர், சொந்தமாக ஒரு ஃபைபர் போட் வைத்திருக்கிறார். மரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, ஒண்ணியும் பெருசா இல்ல. போட் இழுக்கிற வடம் கீது. பத்து பேரக் கூட்டியாறேன். அந்தாண்ட காலி மனைக்குள்ள இழுத்துப் போட்டுகினு போயிகினே இருப்போம்" என்றார்.

"இழுக்கக் கூடாது தேசிங்கு. பாரம் எந்தப் பக்கம் திரும்பும்னு கணக்குப் போடாம இழுத்தா சுவர் போயிடும். துண்டு துண்டா அறுத்து எடுக்கணும். அதான் முறை."

"சரி சார். நீ படிச்சவரு."

செயின்சாவுக்குப் பெட்ரோல் வேண்டும். என்னிடம் இருப்பது பேட்டரி ஸ்கூட்டர், மகன் வாங்கிக் கொடுத்தது. அதில் உறிஞ்சி எடுக்க ஒன்றும் இல்லை. பங்க்குக்குப் போகலாமென்றால் ஸ்கூட்டர் கேட்டுக்குள் சிறைப்பட்டிருந்தது. தேசிங்குவிடம் கேட்டேன். கிளைகளுக்குள் நுழைந்து போய் ஐந்து லிட்டர் கேனில் கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த மாதிரி இன்ஜினில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்துதான் ஊற்றவேண்டும். என் மெஷினுக்கு லிட்டருக்கு நாற்பது மில்லி. அளவுக் குவளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து நாற்பது மில்லி அளந்து கலந்தேன். பெட்ரோலின் நிறம் கொஞ்சம் வித்தியாசமாக, பச்சையும் நீலமுமாக இருந்தது. நான் அதைக் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கவனித்தேன். 'நிற மாற்றம், பிளாஸ்டிக் கேனின் சாயமாக இருக்கலாம்' என்று அட்டையில் குறித்துவைத்தேன்.

எட்டாவது இழுப்பில் மெஷின் கிளம்பியது. கூடவே புகையும் கிளம்பியது.

புகை என்றால் ஏதோ கொஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளையில் நீலம் தோய்ந்த, கனமான, எண்ணெய் வாடை அடிக்கிற புகை. இரவெல்லாம் அடித்த காற்று காலையில் சுத்தமாக ஓய்ந்திருந்தது. கடற்காற்று இன்னும் ஆரம்பிக்கவில்லை. அந்தக் காலி மனையை விட்டால் இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர். புகை அவசரமில்லாமல் சந்தை நிரப்பிக்கொண்டு ஷாகுல் பாய் வீட்டுப் பந்தலை நோக்கி நடந்தது. இரண்டு அங்குலம் அறுப்பதற்குள் மெஷின் திணறி நின்றுவிட்டது.

"கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்கோ! துணியெல்லாம் எடு!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன.

நான் பதற்றப்படவில்லை. பதற்றப்படக் கூடாது என்பது வகுப்பில் நான் சொல்லும் முதல் பாடம். ஏன் புகை வருகிறது? எரிபொருளுக்குப் போதிய காற்று இல்லை. காற்று வடிகட்டியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி மாட்டினேன். புகை. சோக் மூடிக்கொண்டிருக்கிறதோ? இல்லை, திறந்துதான் இருந்தது. புகை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கருப்பாக, ஈரமாக, எண்ணெயில் குளித்திருந்தது. துடைத்து மாட்டினேன். மூன்று நிமிடம் ஓடி மறுபடி குளித்தது. செயினுக்குப் போகிற எண்ணெய் கசிந்து சைலன்சர் மேல் விழுகிறதா என்று பார்த்தேன். விழவில்லை. கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பினேன். புகை முன்பைவிட நன்றாக வந்தது.

சரோஜா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நீங்க மரம் அறுக்கறீங்களா, இல்ல ஊருக்கு சாம்பிராணி போடறீங்களா?"

"மூலகாரணம் தேடிக்கிட்டிருக்கேன்."

"அது கிடைக்கிறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு அறுபதாம் கல்யாணமே வந்துடும்."

மணி ஒன்பதே முக்கால். அப்போதுதான் எனக்கு அந்த மேதாவித்தனமான யோசனை வந்தது. கலவையில் தவறு இருக்குமோ? இருக்கலாம்; மனிதன் அளந்ததுதானே. டேங்கில் இருந்ததை முழுவதும் வடித்துக் கொட்டினேன். கேனிலிருந்து புதிதாக ஒரு லிட்டர் எடுத்தேன். இந்த முறை குவளையால் அளக்காமல், ஊசி போடும் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக நாற்பது மில்லி அளந்து கலந்தேன். சரியாக நாற்பது. முப்பத்தொன்பதும் இல்லை, நாற்பத்தொன்றும் இல்லை.

அந்தப் புகைதான் அன்றைய தினத்தின் சிறந்த புகை.

பந்தலில் பிரியாணி மாஸ்டர், "தம் போட்ட அண்டாவுக்குள்ள புகை பூந்துடும்பா! ஈரச் சாக்கு போடு!" என்று கத்துவது கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து வரிசையாக இருமல். யாரோ "இன்னா பேஜாரா போச்சி" என்றார்கள். மரத்தில் நான் ஏற்படுத்தியிருந்த காயம் நான்கு அங்குலம். பிஸ்டன் வளையமே தேய்ந்துபோயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, மெஷினைத் தலைகீழாக மடியில் வைத்துக்கொண்டு திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தபோது மணி பத்து நாற்பது.

மெயின் ரோட்டில் ஹாரன் சத்தம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனிலும் மூன்று கார்களிலும் வந்து நின்றுவிட்டார்கள். சந்து தெரியவில்லை. புகைதான் தெரிந்தது. ஷாகுல் பாயின் போன் அடித்தது. எதிர்முனையில் பெரியத்தா போட்ட சத்தம் மரத்துக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது.

"இன்னா ஷாகுலு, வூடு எரியுதா? ஃபயர் சர்வீசுக்குச் சொல்லட்டா? இல்ல நாங்க வண்டியத் திருப்பட்டா?"

"எரியல மாமு, எரியல. பக்கத்து வூட்டு சாரு… மெஷின் ரிப்பேர் பாக்கறாரு."

"நிக்காஹ் அன்னிக்கா?"

ஷாகுல் பாய் போனைச் சட்டைப் பையில் போட்டார். கிளைகளுக்குள் குனிந்து என் பக்கம் வந்தார். புதுச் சட்டையில் புங்க இலை ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. புகையாலா வேறெதனாலா என்று நான் மூலகாரணம் தேடவில்லை.

"போதும் சார்" என்றார் மெதுவாக. "ஒரே பொம்பளப் புள்ள கல்யாணம்னா பரவால்ல, அவங்க நடந்தே வரட்டும்னு வுட்டுடுவேன். இன்னொண்ணு படிச்சிகினு இருக்கு சார். பேரு கெட்டுடக் கூடாது. போதும்."

முப்பத்தொரு வருடத்தில் எந்த மேலாளரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. மிச்சமிருந்த கலவையைத் திரும்பக் கேனில் ஊற்றப் போனேன்.

அதுவரை சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தேசிங்கு பதறிப்போய் ஓடிவந்து தடுத்தார்.

"சார் சார், அதுல ஊத்தாத! நீ வேற ஆயில் போட்டுகினு இருந்தியே, அதெல்லாம் அதுல கலந்துடும். என் போட் இன்ஜினு இன்னாத்துக்கு ஆவறது?"

"ஆயில் போடாம எப்படி தேசிங்கு? பெட்ரோல்ல ஆயில் கலந்தாதானே…"

"அதான் நாங்க வாங்கியாந்த ஒடனே கலந்துடுவோமே! காலீல இருட்டுல எவன் அளந்துகினு இருப்பான்? எங்காளுங்க வூட்டுல கீற கேன் எல்லாம் கலந்த கேனுதான் சார்."

கையிலிருந்த கலவையைக் கீழே வைத்தேன். 

"இதை ஏம்பா முதல்லயே சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியே சார். அதுவும் ஊசில எல்லாம் ஊத்தறியே, இது வேற எதுக்கோ போலன்னு நெனச்சேன்."

ஐந்து 'ஏன்' கேட்கத் தெரிந்தவன் நான். ஐந்தையும் மெஷினிடமே கேட்டுவிட்டேன். கேனைக் கொண்டுவந்த மனிதரிடம் ஒரு 'என்ன'கூடக் கேட்கவில்லை.

"தேசிங்கு, வடத்தை எடுத்துட்டு வா" என்றேன்.

தேசிங்கு ஒரு விசில் அடித்தார். எங்கிருந்து வந்தார்களோ, பத்துப் பேர் வந்துவிட்டார்கள். முறிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நாரைத் தேசிங்கு அரிவாளால் நாலு போடு போட்டு அறுத்தார். காலி மனைப் பக்கமிருந்து மரத்தில் வடத்தைக் கட்டினார்கள். போட்டைக் கரையேற்றும்போது போடுகிற அதே "ஐலசா". மூன்றாவது ஐலசாவில் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவரும் புகைக்குள்ளிருந்து வந்து வடத்தைப் பிடித்து இழுத்தார். அவர்தான் பெரியத்தா என்பது பிறகுதான் தெரிந்தது. அவருடைய அப்பாவும் கடலுக்குப் போனவராம். வடத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை என்றார். ஆறு நிமிடத்தில் மரம் காலி மனைக்குள் போய்விட்டது. சுவரில் ஒரு கீறல் இல்லை. (போய்த் தடவிப் பார்த்தேன்.)

மரம் போய்விட்டது, புகை போகவில்லை. அந்தப் புகைக்குள்தான் மாப்பிள்ளை நடந்து வந்தார். தலையிலிருந்து பூச்சரம் தொங்க, இரண்டு பக்கமும் வெண்புகை விலக, மெல்ல மெல்ல உருவம் தெரிய. வீடியோக்காரர் அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து எடுத்துக்கொண்டு, "வேற லெவல்! வேற லெவல்! அண்ணாத்த, அப்டியே மெதுவா வா!" என்று கத்தினார். ஹஜ்ரத் வாட்சைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பதினொன்று பத்துக்கு நிக்காஹ் முடிந்தது. பிரியாணியில் லேசாகப் புகை வாசம் இருந்ததை எல்லாரும் விறகடுப்பின் சிறப்பு என்று பாராட்டினார்கள். மாஸ்டர் மறுக்கவில்லை. நானும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் பங்க்கில் வாங்கிய பெட்ரோலில், சொந்த நாற்பது மில்லி கலந்து, பிளக்கைத் துடைத்து மெஷினை இயக்கினேன். சைலன்சரில் ஊறியிருந்த பழைய எண்ணெய் எரிந்து தீர ஐந்து நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு புகையே இல்லை. அருமையான மெஷின். சந்தில் ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை. சரோஜா பார்த்தாள். "ஓ, புகை இல்லாமகூட வருமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்றுவரை வீட்டில் தோசை கருகினாலும், "நாற்பது மில்லி அதிகமாயிடுச்சு" என்றுதான் சொல்கிறாள்.

போன மாதம் ஷாகுல் பாயின் இரண்டாவது மகளுக்கு நிக்காஹ். இந்த முறை மதுராந்தகத்தில் மண்டபம். மாப்பிள்ளை நுழையும்போது புகை போடுகிற மெஷினும் ஏற்பாடு செய்து தருவதாக மண்டபத்துக்காரர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியத்தா கையை உயர்த்தி நிறுத்தினாராம்.

"அதெல்லாம் வேணாம்பா. எங்களுக்குன்னு ஒரு சாரு கீறாரு."

பத்திரிகை கொடுக்க ஷாகுல் பாயும் பெரியத்தாவும் சேர்ந்தே வந்தார்கள். தாம்பாளத்தில் பத்திரிகை, பழம், கல்கண்டு. அவற்றுக்கு நடுவே, ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு சின்ன ஆயில் பாட்டில். மேலே யாரோ பேனாவால் அழகாக எழுதியிருந்தார்கள்: 'கலக்காதது.'