முல்லாராவின் மையக் குழாய்

உலகத்து நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரையில் பிறந்தன என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில், ஆறு வற்றி, ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பிழைக்கும் முல்லாரா நகரின் நாகரிகமோ குழாயடியில் பிறந்தது. அந்தப் புனிதக் குழாய் நகர மன்ற அலுவலகத்தின் மாடிச் சமையலறையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு புட்டி தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். கடினத்தன்மை முப்பத்தெட்டு என்று முடிவு வரும். முப்பத்தெட்டு என்றால் மழைத்தண்ணீருக்கு ஒன்றுவிட்ட தம்பி. 'மாநிலத்தின் சுவைமிகு குழாய்நீர்' கோப்பை மூன்று முறை முல்லாராவுக்கு வந்தது சும்மா இல்லை.

ஊர் வீடுகளில் கெட்டிலுக்குள் வெள்ளையடித்ததுபோல் படிவதும், ஷவர் அடைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் அழுவதும், சோப்பு நுரைக்க மாட்டேன் என்று முரண்டு பிடிப்பதும் தண்ணீரின் குற்றமா என்ன? மக்களுக்குக் கையாளத் தெரியவில்லை. அதற்காக மன்றம் 'உங்கள் கெட்டிலும் நீங்களும்' என்று ஒரு துண்டுப் பிரசுரமே அச்சிட்டு வீடு வீடாகப் போட்டது. அதில் 'கடினம்' என்ற கெட்ட வார்த்தை ஓர் இடத்திலும் கிடையாது. 'கனிமச் செழிப்பு' என்றுதான் இருக்கும்.

இந்தச் செழிப்பு நோலீன் ட்ரான்டரின் வீட்டில் கொஞ்சம் தாராளமாகவே பாய்ந்தது. அவள் கணவர் கிளாரி நாற்பது வருஷம் ஆட்டு ரோமம் கத்தரித்தவர். இப்போது சிறுநீரகம் இரண்டும் போய், வீட்டிலேயே டயாலிசிஸ் மெஷின் வைத்து வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறார். மெஷினுக்குத் தீனி குழாய்த் தண்ணீர்தான். அதற்கு முன்னால், தண்ணீரின் கடினத்தைக் குறைக்க ஆஸ்பத்திரி பொருத்திய சின்ன மென்னீராக்கி இரண்டே மாதத்தில் மூச்சு முட்டிச் செத்தது. மெஷினைப் பராமரிக்க வரும் டெவிட்டா, டோங்காத் தீவுக்காரன், தன் கருவியால் தண்ணீரை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"நானூத்தி அறுபது, ஆன்ட்டி. பெரிய மென்னீராக்கி போட்டாத்தான் தாங்கும். ஆனா மன்றம் கையெழுத்துப் போட்ட தாள்ல முப்பத்தெட்டுனு இருக்கு. முப்பத்தெட்டுக்கு ஆஸ்பத்திரில பெரிசு தர மாட்டாங்க."

"நீ இப்ப அளந்தது?"

"நான் மெஷின் பாக்கறவன். தண்ணியைப் பத்திச் சொல்ற அதிகாரம் மன்றத்துக்குத்தான்."

மாதக் கடைசிக்குள் வழி பிறக்காவிட்டால் மெஷினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு கிளாரி பெரிய ஆஸ்பத்திரிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகவேண்டும், முந்நூறு வரவேண்டும், வாரம் மூன்று தடவை. அந்த உடம்பு இரண்டு வாரம் தாங்காது என்று நோலீனுக்குத் தெரியும்.

"கார்லயே குடித்தனம் பண்ணிடலாம்," என்றார் கிளாரி. "கல்யாணம் ஆனதுலேர்ந்து நீதானே ஓட்டறே."

நோலீன் சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குக் கிளம்பினாள்.

நீர்த்தர அதிகாரி லைட்டன் ப்ரௌஸ் அவளைச் சமையலறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். நோலீன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். முல்லாராவில் தேநீர் என்றால் மேலே ஒரு சாம்பல் ஏடு மிதக்கும். அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுக் குடிப்பது இங்கே நடக்கக் கற்பதற்கு முன்பே வரும் பழக்கம். இந்தக் கோப்பையில் அடிவரை தெரிந்தது.

"லைட்டன், இது எந்த ஊர்த் தண்ணி?"

"நம்ம தண்ணிதான் நோலீன். உங்க வீட்டுல வர்ற அதே தண்ணி."

அடுத்தவர் அலமாரியைத் திறந்து பார்ப்பதில் நோலீனுக்குத் தெருவில் ஏற்கெனவே நல்ல பெயர். கோப்பையைக் கழுவுகிற சாக்கில் தொட்டிக்கடியில் இருந்த கதவைத் திறந்தாள். உள்ளே நீல நிறத்தில் ஓர் உருளை. பக்கத்தில் உப்பு மூட்டை.

"இது என்ன?"

"அதுவா, மென்னீராக்கி. காபி மெஷினுக்கு. இத்தாலியிலேர்ந்து வந்தது. கனிமச் செழிப்பு அதுக்கு ஒத்துக்கறதில்லை."

"சோதனைக்குத் தண்ணி எங்க பிடிப்பீங்க?"

"இதே குழாய்லதான். கோப்புல இது 'நகரின் மையக் குழாய்'. பத்தொன்பது வருஷமா மாத்தலை."

"மாத்தினா என்ன?"

"போன வருஷத்தோட ஒப்பிட முடியாதே," என்றார் லைட்டன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"காபி மெஷினுக்கு ஒத்துக்காத தண்ணி என் புருஷன் ரத்தத்துக்கு ஒத்துக்குமா?"

"அது சுகாதாரத்துறைக் கேள்வி, நோலீன். இது தண்ணித்துறை."

மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் மூன்று நிமிஷம் பேசலாம். அதற்குமேல் மணி அடித்துவிடும். நோலீன் மணி அடித்தபிறகும் பேசினாள். மேயர் டென்ஸில் ஹாஸ்கின் பெருந்தன்மையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு வீட்டுக் குழாய் நகரம் ஆயிடாது, நோலீன். மன்றத்துக் குழாய்ல வர்றதுதான் முல்லாரா தண்ணி. அதுல எல்லாருக்கும் பங்கு உண்டு. எங்க கதவு எப்பவும் திறந்தே இருக்கு."

கைதட்டினார்கள். பொன்மொழி நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது.

டெவிட்டா ஆஸ்பத்திரிப் படிவத்தை மறுபடி படித்துப் பார்த்தான். மெஷினை 'சான்றளிக்கப்பட்ட நீர் உள்ள முகவரியில்' பொருத்தவேண்டும் என்று இருந்தது. மன்றம் கொடுத்த நீர்ச் சான்றிதழில் இருந்த முகவரி: நகர மன்றம், மாடிச் சமையலறை.

திங்கள் காலை லைட்டன் காபிக்கு வந்தபோது அங்கே சாய்வு நாற்காலியில் கிளாரி கால் நீட்டிப் படுத்திருந்தார். காபி மெஷினின் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் டயாலிசிஸ் மெஷினை மாட்டியிருந்தான் டெவிட்டா. பக்கத்தில் நோலீன் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கெல்லாம் அனுமதி வேணுமே," என்றார் லைட்டன்.

"கதவு திறந்திருந்தது," என்றாள் நோலீன்.

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு மணி நேரம்தான். அப்புறம் புதன், வெள்ளி."

"லைட்டன் தம்பி," என்றார் கிளாரி, "உள்ள ஏதாவது பிஸ்கெட் இருக்கா?"

மக்கள் துயர் கண்டு மன்றம் இவ்வளவு வேகமாகச் செயல்பட்டதை ஊர் அதற்கு முன் கண்டதில்லை. செவ்வாய்க்கிழமையே அவசரக் கூட்டம். ஏகமனதாகத் தீர்மானம். காபி மெஷின் உடனடியாக மேயர் அறைக்கு மாற்றப்படும். அதற்குத் தனியாகப் புது மென்னீராக்கி வாங்கப்படும். தீர்மானத்தின் பிரதியை வழக்கப்படி சமையலறை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார்கள்.

புதன்கிழமை கிளாரியின் ரத்தம் மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது நோலீன் அதை நிதானமாகப் படித்தாள். 'வாங்கும் காரணம்' என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: 'மையக் குழாய் தவிர, நகரின் அனைத்துக் குழாய்களிலும் வரும் நீரின் கடினத்தன்மை நானூற்று அறுபது. நுட்பமான இயந்திரம் இதைத் தாங்காது.' கீழே மேயர் கையெழுத்து, லைட்டன் கையெழுத்து, முத்திரை.

நோலீன் பலகையில் குத்தியிருந்த குண்டூசியைப் பிடுங்கினாள். மன்றத்து ஜெராக்ஸ் மெஷினிலேயே இரண்டு நகல் எடுத்தாள். ஒன்று டெவிட்டா கையில் ஆஸ்பத்திரிக்குப் போனது. மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது பெரிய மென்னீராக்கி வீட்டுக்கு வந்து இறங்கியது; மெஷினும் வீடு திரும்பியது.

இன்னொரு நகலைச் சட்டம் போட்டுக் கிளாரியின் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷத்தில் முல்லாரா மன்றம் உண்மை பேசிய ஒரே தாள் என்பதால், தெருவில் எல்லோரும் வந்து மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதில் காபி மெஷினின் பெயர், பிறந்த ஊர், வயது, அதன் உடல்நிலை பற்றி மன்றம் கொண்ட ஆழ்ந்த கவலை எல்லாம் இருக்கிறது. கிளாரியின் பெயர் எங்கேயும் இல்லை.