முத்திரை குத்திக் கொடுத்த டிப்ஸ்

என் வாழ்நாளில் ஒரு மனிதருக்கு நான் கொடுத்த மிகக் கேவலமான டிப்ஸ் ஐந்து ரூபாய். அதையும் சும்மா கொடுக்கவில்லை. கடிதம் எழுதி, கையொப்பமிட்டு, அரச முத்திரை குத்திக் கொடுத்தேன். நான் சொல்லாவிட்டாலும் என் மனைவி வீட்டார் இதைக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிவிடுவார்கள் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பட்டதாரிகளுக்கு நியமனம் கேட்டு வெயிலில் குந்தியிருந்து கத்தி, ஒருவழியாக அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகியிருந்தேன். (எதை அபிவிருத்தி செய்ய வேண்டும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.) மூன்றாம் மாதம் என் பெயரும் பதவியும் பொறித்த ரப்பர் முத்திரை கைக்கு வந்தது. அதை அலுவலக மேசை லாச்சியில் வைக்க மனம் வரவில்லை. மைப்பெட்டியோடு பையில் போட்டுக்கொண்டே திரிந்தேன். செங்கலடியில் எங்கள் வீட்டுக் கலண்டரில் ஒருமுறை குத்திப் பார்த்த பிறகு, அம்மா கரண்ட் பில்லை ஒளித்து வைக்கத் தொடங்கினார்.

நியமனத்துக்கு விருந்து வை என்று என்னோடு வேலை செய்த றிஸ்வான் அரித்துக்கொண்டே இருந்தான். காத்தான்குடிக்காரன், சாப்பாட்டு விசயத்தில் மறதி கிடையாது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மட்டக்களப்பு நகரில் வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு ரெஸ்டோரண்டுக்கு அவனைக் கூட்டிப் போனேன்.

பரிமாறல் படுமோசம். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. தண்ணீர் கேட்டோம், தண்ணீர் வரவில்லை, மெனு அட்டை இரண்டாம் தடவை வந்தது. இறால் ஃப்ரைட் ரைஸ் கேட்டோம். பக்கத்து மேசையின் நூடில்ஸ் வந்து, நாங்கள் இரண்டு வாய் தின்ற பிறகு திரும்பிப் போனது. சூப் கடைசியில், ஐஸ்கிறீமுக்குப் பிறகு வந்தது. அதிலும் கொண்டுவந்தவரின் பெருவிரல் நனைந்திருந்தது.

இப்போது என்றால் சிரித்துவிட்டு எழும்பி வந்திருப்பேன். அப்போது நான் உத்தியோகத்தர். போதாக்குறைக்கு, முதல் நாள்தான் ஏதோ வெளிநாட்டு இணையப் பக்கத்தில் ஒரு அறிவுரை படித்திருந்தேன். பரிமாறல் மோசமென்றால் டிப்ஸ் கொடுக்காமல் போகக் கூடாதாம். மறந்துவிட்டதாக அவர்கள் நினைத்துவிடுவார்களாம். மிகச் சிறிய தொகையாக வைத்து, காரணத்தையும் தெரியப்படுத்த வேண்டுமாம். எனக்கு இது வேதவாக்காகப் பட்டது. பில்லைத் திருப்பிப் போட்டு எழுதத் தொடங்கினேன்.

றிஸ்வான் எட்டிப் பார்த்தான்.

“என்னடா எழுதுறாய்?”

“குறைபாடுகள்.”

“சேர்விஸ் சார்ஜ் பில்லிலயே போட்டிரிக்கான். பேசாம எழும்பி வா மச்சான்.”

“அது கடைக்குப் போறது. இது அந்தாளுக்குப் படிப்பினை.”

“படிப்பினை குடுக்க நீ என்ன ஹெட்மாஸ்டரா? பசியில இருந்த எனக்கே கோவம் வரல்ல, உனக்கு என்னத்துக்கு?”

நான் கேட்கவில்லை. ‘விடயம்: உணவு பரிமாறலில் அவதானிக்கப்பட்ட குறைபாடுகள்’ என்று தலைப்பிட்டு, இலக்கமிட்டு நான்கு பந்தி எழுதினேன். பெருவிரலுக்குத் தனிப் பந்தி. ‘மேற்படி குறைபாடுகள் நிவர்த்தி செய்யப்படுமிடத்து, எதிர்காலத்தில் கூடுதல் தொகை பரிசீலிக்கப்படும்’ என்று முடித்தேன். கையொப்பம் வைத்ததும் கை தானாகப் பைக்குள் போனது. கையொப்பத்தின் கீழே வெறுமையாக இருந்தால் எனக்கு அந்த நாட்களில் ஒரு மாதிரி இருக்கும். பூச்சாடியும் உப்புப் போத்தலும் குலுங்க ஒரே குத்து. அதன் மேல் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை வைத்துவிட்டு, நாட்டைத் திருத்திய களைப்போடு வெளியே வந்தேன்.

மூன்று மாதத்தில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் களுதாவளை, பெயர் தர்ஷினி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ரீச்சர். குடி, கோத்திரம், சாதகம் எல்லாம் பொருந்தி, பெண் பார்க்கப் போனோம். தம்பி ஒருவர் இருக்கிறார், வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையிலும் இல்லை, தர்ஷினி தேத்தண்ணியோடு வந்துவிட்டாள்.

தட்டை நீட்டிவிட்டு, “சீனி காணுமா?” என்று கேட்டாள். சீனியே போட்டிருக்கவில்லை. “அளவாத்தான் இரிக்கு” என்றேன். அவளுடைய வாயோரம் ஒரு சிரிப்பு வந்து உடனே ஒளிந்துகொண்டது. அந்த இடத்திலேயே நான் கவிழ்ந்துவிட்டேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் வாழ்க்கையில் வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றியது. இதை நான் மிகைப்படுத்தவில்லை, மற்றவற்றை மிகைப்படுத்தியிருக்கலாம்.

அவளுடைய தகப்பன் வேலையைப் பற்றி விசாரித்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“என்ட சீல் இல்லாம ஒரு தாள் வெளிய போகாது மாமா. எதை எழுதினாலும் பேர், பதவி, முத்திரை எல்லாம் வச்சுத்தான் குடுப்பன்.”

உள்ளே பேச்சுச் சத்தம் திடீரென்று நின்றது. என் பொறுப்புணர்ச்சியைக் கேட்டு வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரமே கைபேசி அடித்தது.

“நான் தர்ஷினி கதைக்கிறன். ஒரு கடிதம் வாசிச்சுக் காட்டட்டா?”

நெஞ்சு பஞ்சாகப் பறந்தது. பெண் பார்த்த அன்றே கடிதம் எழுதிவிட்டாளே! “வாசிங்க” என்றேன், குரலைக் கொஞ்சம் இளக்கி.

“விடயம்: உணவு பரிமாறலில் அவதானிக்கப்பட்ட குறைபாடுகள்.”

நான் கட்டிலில் குந்திவிட்டேன். அவள் நிறுத்தாமல் வாசித்தாள். பெருவிரல் பந்தியை இரண்டு தடவை வாசித்தாள். கடைசியில், “இது உங்கட சீல் தானே?” என்று கேட்டாள். மறுக்க வழியில்லை. பெயர், பதவி, முத்திரை எல்லாம் வைத்துத்தான் கொடுத்திருந்தேன்.

“அது என்ட தம்பி நிரோஷன். அண்டைக்கு அவனுக்கு வேலையில மூண்டாம் நாள். அந்த ஐஞ்சு ரூபாயையும் இந்தத் தாளையும் கொண்டு வந்து அம்மாட கையில குடுத்திட்டுச் சாப்பிடாமப் படுத்தவன். அம்மா அழுதிட்டா. கல்யாணம் பேசக்குள்ள உங்கட பேரைப் பாத்து, இது அந்த ஆளா இரிக்காது எண்டுதான் நாங்க நினைச்சம். நீங்களாவே சீலைப் பத்திச் சொன்னீங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“எனக்கு உங்களப் புடிச்சிரிக்கு. சீனி இல்லாத தேத்தண்ணிய ஒரு வார்த்தை சொல்லாமக் குடிச்சீங்க. ஆனா இதை எழுதின ஆள எனக்குப் புடிக்கல்ல. அவனிட்டப் போய்க் கதைங்க. மறுகா என்னோட கதைக்கலாம்.”

அந்த இரவு எனக்கு வெட்கத்தில் தூக்கம் வரவில்லை. ஒரு மனிதர் சாப்பிடாமல் படுத்திருக்கிறார். நான் அதை ஒரு சாதனையாக அலுவலகத்தில் நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு அதே ரெஸ்டோரண்டுக்குப் போனேன். உள்ளே காலை வைத்த பிறகுதான் ஒரு விசயம் உறைத்தது. கறுப்புச் சேர்ட் போட்ட நான்கு பேர் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இவர்களில் நிரோஷன் யார்? அன்றைக்கு ஒரு மணித்தியாலம் எங்கள் மேசைக்கு வந்து போன மனிதரின் முகம் எனக்கு நினைவில்லை. பெருவிரலை மட்டும் நன்றாக நினைவிருந்தது.

‘இதில யார் நிரோஷன்?’ என்று கேட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் முகம் கூடத் தெரியாமலா இவ்வளவும் எழுதினாய் என்று வந்துவிடுமே என்று பயந்தேன். அதனால் மூளையைப் பாவித்தேன். (என் வாழ்க்கையின் பெரும்பாலான சேதங்கள் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.) நால்வரில் ஒருவருக்கு அச்சாகத் தர்ஷினியின் மூக்கு. நேரே போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, என்ன மன்னிச்சிருங்க. நான் செஞ்சது பெரிய பிழை. உங்கட மனசு என்ன பாடு பட்டிருக்கும்!”

அவர் முதலில் திகைத்தார். பிறகு கண் கலங்கிவிட்டது.

“பரவாயில்ல சேர். எத்தினை பேர் வந்து ஏசிட்டுப் போறாங்க. ஒருத்தரும் திரும்பி வந்து இப்பிடிச் சொன்னதில்ல.”

எனக்கும் கண் கலங்கியது. அவரைக் கட்டிப்பிடித்து, “இனி சேர் எண்டு கூப்பிடாதீங்க, அத்தான் எண்டு கூப்பிடுங்க” என்றேன். ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை அவருடைய சேர்ட் பைக்குள் திணித்தேன். பக்கத்து மேசைக் குடும்பம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அக்காவிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்றேன்.

“எந்த அக்கா சேர்? நாங்க வீட்ட அஞ்சு பேரும் ஆம்புளப் புள்ளையள்.”

எனக்குப் பின்னால் யாரோ மெதுவாகத் தொண்டையைச் செருமினார்கள். திரும்பினேன். கையில் தட்டு, தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர். தர்ஷினியின் மூக்கு இல்லை, வாயோரம் மட்டும் அதே ஒளிந்துகொள்ளும் சிரிப்பு.

“தண்ணி குடிங்க சேர். நான்தான் நிரோஷன்.”

ஒரே மூச்சில் குடித்தேன். இரண்டாம் தடவை மன்னிப்புக் கேட்க வார்த்தை மிச்சமிருக்கவில்லை. இருந்ததையெல்லாம் மற்றவரிடம் கொடுத்திருந்தேன். “தம்பி, உங்கட முகத்த நான் அண்டைக்குப் பாக்கவே இல்ல” என்றேன். அவ்வளவுதான் வந்தது. நிரோஷன் வெறும் கிளாஸை வாங்கித் தட்டில் வைத்தார். பிறகு கைபேசியை எடுத்தார்.

“அக்கா, இவர் வந்திட்டார். மன்னிப்பும் கேட்டிட்டார். ஆனா எங்கட யோகனிட்டக் கேட்டிட்டார்.”

என் எதிர்காலம் அந்தக் கைபேசியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது. ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. சிரித்து, இருமி, யாருக்கோ விசயத்தைச் சொல்லி, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கடைசியில் கைபேசி என் காதுக்கு வந்தது.

“உங்கட ஆக்கள வந்து நாள் வைக்கச் சொல்லுங்க” என்றாள். “கதைக்கிறது தர்ஷினி. ஆள் மாறிராதீங்க.”

பிள்ளையார் கோயிலில் தாலி கட்டினேன். எங்கள் வழக்கப்படி பெண்ணின் தம்பி வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். மாப்பிள்ளை அவருக்கு மோதிரம் போட வேண்டும். நிரோஷன் செம்போடு குந்தி, ஒரு துளி வேட்டியில் படாமல் நிதானமாகக் கழுவினார். அப்படியொரு பரிமாறலை நான் எந்த ஹோட்டலிலும் கண்டதில்லை. மோதிரத்தை எடுத்தேன். அவர் விரலை நீட்டாமல், ஊரே கேட்கும்படி சொன்னார்:

“அத்தான், நான் நிரோஷன். வடிவாப் பாத்திட்டுப் போடுங்க. யோகன் அங்கால பந்தியில இரிக்கான்.”

மேளக்காரர் கூட வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவது. ஆகவே இந்தப் பகிடிக்கு நான் விருந்தாளி அல்ல, நிரந்தர வாசி. தர்ஷினியின் சின்னம்மா கதவைத் திறந்தால், “நான் சின்னம்மா” என்பார். மாமா பேப்பர் வாங்கிவிட்டு வந்தால் தன்னை அறிமுகம் செய்துகொண்டுதான் படியேறுவார். நிரோஷன் இப்போது பாசிக்குடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் பரிமாறுபவர்களுக்கெல்லாம் தலைவர். புதிதாகச் சேருபவர்களுக்கு என் கதையைத்தான் முதல் பாடமாகச் சொல்கிறாராம்.

மாமி மட்டும் இதில் சேரவே இல்லை. மருமகனோடு நேரே கதைப்பது அவருக்குப் பழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, “அவருக்குச் சோறு போடு புள்ள” என்று தர்ஷினியிடம்தான் சொல்வார். அது கூச்சமா, அழுத அன்றைய கோபமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. மற்றவர்கள் சிரிக்கும்போதெல்லாம் நான் அந்தக் கதவைத்தான் பார்ப்பேன். இப்படி நான்கு வருடம்.

போன மாதம் ஒரு மத்தியானம் தர்ஷினி பள்ளிக்கூடத்தால் வரப் பிந்திவிட்டாள். நான் தனியே மேசையில் இருந்தேன். கதவு திறந்தது. மாமி தானே சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து, என் முன்னால் வைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

“மருமகன், நான் மாமி.”

நான் எழும்பி நின்று, “தெரியும் மாமி” என்றேன். அதற்கும் சிரித்தார்.