செண்பகராஜ் நடந்த இருபதாயிரம் அடி

ஊரடங்கு முடியும்வரை இனி ஒரு அடிகூட எடுத்து வைப்பதில்லை என்று செண்பகராஜ் முடிவு செய்தான். கோவில்பட்டியில் வேறு யாராவது இப்படி முடிவு செய்திருந்தால் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இவன் ஹாக்கியில் சென்டர் ஃபார்வர்ட். இந்திய அணியின் முகாமுக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் பெயர் இருக்கிறது.

முதல் வாரம் மொட்டைமாடியில் ஓடத்தான் செய்தான். துணி காயும் கொடிக்கயிறு இரண்டு முறை கழுத்தைப் பிடித்தது. இரண்டாம் வாரம் போட்டிகளெல்லாம் ரத்து என்று செய்தி வந்தது. யாருக்காக ஓடுவது என்று படுத்தவன் மூன்றாம் வாரமும் எழவில்லை. வயது இருபத்தெட்டு. மைதானம் திறப்பதற்குள் தன் ஆட்டமே முடிந்துவிடும் என்று பயமாக இருந்தது. பயம் வரும்போதெல்லாம் கடலைமிட்டாய் தின்றான். அடிக்கடி பயம் வந்தது. எழுபது கிலோ எழுபத்தொன்பதானது.

பயிற்சியாளர் பூவனலிங்கம் பக்கத்துத் தெருக்காரர், விடுகிற ஆளில்லை. ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் நடையை எண்ணும் கைக்கடிகாரம் கொடுத்திருந்தார். யார் எத்தனை அடி நடந்தார் என்பது சாயங்காலம் தானாகவே அவர் போனுக்குப் போய்விடும். தினம் பதினைந்தாயிரம். குறைந்தால் முகாமை மறந்துவிட வேண்டியதுதான்.

செண்பகராஜ் படுத்தபடியே யோசித்தான். அடுப்படிக்கும் மாடிக்கும் தெருமுனைத் தண்ணீர்த்தொட்டிக்குமாக ஒரு ஆள் விடிந்ததிலிருந்து நடந்துகொண்டே இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அவன் மனைவி முத்துசெல்வி.

"செல்வி, கைய நீட்டு. இந்த வாட்ச்சு உனக்குத்தான் வாங்கினேன்."

"எங்கன வாங்கினீய? ஊர்ல பால்கடை தவிர ஒரு கடை தொறக்கலியே."

"முன்னாலயே வாங்கி ஒளிச்சு வச்சிருந்தேன்."

"கல்யாணமாகி நாலு வருசத்துல இப்பத்தான் ஒளிச்சு வைக்கத் தோணிச்சாக்கும்."

"குளிக்கும்போது மட்டும் கழட்டு. மத்த நேரம் கழட்டாத. ராசி போயிரும்."

கட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலம் இருபத்தோராயிரம். ஆட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பூவனலிங்கத்தின் குரல் வந்தது: "செண்பகராஜப் பாத்துப் படிங்கலே." செண்பகராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. தானே நடந்ததுபோல் கால்கூட லேசாக வலித்தது.

தினமும் இருபதாயிரத்துக்குக் குறையவில்லை. எட்டாம் நாள் பயிற்சியாளரே போனில் அழைத்தார்.

"ஏலே, காலைல ஆறு மணிக்கு உனக்கு இதயத்துடிப்பு நூத்திநாப்பதுக்குப் போகுதே. என்ன பயிற்சி செய்யுத?"

அது தண்ணீர் எடுக்கும் நேரம். "வெயிட்டத் தூக்கிட்டு மாடிப்படி ஏறுதேன் சார்."

"எத்தன கிலோ?"

போனைப் பொத்திக்கொண்டான். "செல்வி, நெறகுடம் எத்தன கிலோ இருக்கும்?"

"பதினஞ்சு."

"பதினஞ்சு, சார்."

பதினோராம் நாள் மத்தியானம் பார்த்தால் எண்ணூறு அடிதான் ஏறியிருந்தது. முத்துசெல்வி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, உடம்புக்கு முடியலியா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்பக் கொஞ்சம் நடக்கலாம்லா. உடம்புக்கு நல்லது."

"நீங்க நடக்கலியே. நல்லாத்தான இருக்கீய."

"தண்ணி எடுக்கலியா?"

"நீங்க எடுங்க."

"துணி?"

"அதையும் நீங்களே தொவைங்க. உக்காந்திருக்கவளுக்கு எதுக்கு வாட்ச்சு? வேல செய்யிறவியளே கட்டிக்கிடுங்க."

கடிகாரம் அவன் கைக்கு வந்தது. விவரம் புரியாமல் கொடுத்துவிட்டாள் என்று செண்பகராஜ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். நடையும் ஏறும், பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்த பேரும் கிடைக்கும். குடத்தைத் தூக்கினான். ஏழாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான்.

"மேல இன்னும் பத்தொம்பது படி இருக்கு" என்று நாற்காலி சொன்னது.

இரண்டு மாதம். தண்ணீர் சுமந்தான், துவைத்தான், பெருக்கினான், மாடிக்கும் கீழுக்கும் அலைந்தான். படுத்ததும் தூக்கம் வந்தது. பயம் வருவதற்கு நேரமில்லாமல் போனது. எடை எழுபத்திரண்டு.

மைதானம் திறந்ததும் ஓட்டச் சோதனை வைத்தார்கள். அடுத்த பீப் சத்தத்துக்குள் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு ஓட வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார, கடைசியாக நின்றவன் செண்பகராஜ். பூவனலிங்கம் முகக்கவசத்தோடு ஆறடி தள்ளி நின்று கைதட்டினார். செண்பகராஜுக்கு மனசு உறுத்தியது.

"சார், ஒரு உண்மையச் சொல்லணும். முதல் பத்து நாள்…"

"தெரியும்லே. மொத நாளே உன் வீட்டுக்காரி போன் போட்டுட்டு. 'அண்ணாச்சி, எனக்குன்னு வாட்ச்சு தந்திருக்காவ. பத்தாயிரம் அடி ஆனதும் அதுல இவிய பேரப் போட்டு வாழ்த்து வருது. ரெண்டு வாரமாச் சொவரப் பாத்துப் படுத்தே கெடக்காவ, எனக்குப் பயமாருக்கு. நீங்க ஏசிராதீங்க. பத்து நாள் பாராட்டிக்கிட்டே இருங்க, மறுபடி ஆசை வரட்டும். அப்புறம் நான் உக்காந்துக்கிடுதேன்'னு சொல்லிச்சு."

முகாமுக்கு எடுத்தவர்கள் பெயரை அங்கேயே வாசித்தார்கள்; செண்பகராஜ் பெயரும் இருந்தது. இப்படி ஒருத்தி தனக்குக் கிடைத்தாளே என்று நெஞ்சு நிறைந்துபோய் வீட்டுக்குப் போன் போட்டான்.

"செல்வி, முகாமுக்கு என்னய எடுத்துட்டாவ."

"சந்தோசம். எப்பப் போகணும்?"

"அடுத்த மாசம்."

"அப்ப இன்னும் முப்பது நாள் இருக்கு. வாட்ச்சக் கழட்டிராம நேரா வாங்க, தொட்டியில தண்ணி வந்துட்டு."