பிலடெல்பியாவில் ஒரு வேளை சாப்பிட்டவர்

சாப்பாட்டு மேசைகளைச் சுற்றி உலவும் ஓர் இனத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். என்றோ ஒரு நாள், ஏதோ ஒரு பெரிய பட்டணத்தில், ஒரே ஒரு வேளை விருந்து சாப்பிட்டிருப்பார். அன்றிலிருந்து சொந்த ஊரில் யார் எதைச் சமைத்தாலும் அவருக்குத் தப்பு. பதம் தப்பு, பாத்திரம் தப்பு, பரிமாறுகிற வரிசை தப்பு. அவருக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்கிறீர்களா? முட்டை வேகவைக்கத் தெரியாது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கனெக்டிகட் ஆற்றங்கரையில் எங்கள் எல்ம்ஃபோர்டுக்கு வாய்த்தவர், தேவாலயக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன் எலிஃபலெட் கேலார்ட். இங்கிலாந்து ராஜாவோடு நடந்த சண்டை முடிந்த மறு வருஷம், படகு நிறைய வெங்காயம் ஏற்றிக்கொண்டு பிலடெல்பியாவுக்குப் போனார். வெங்காயம் வாங்கிய வியாபாரி, மழை விடட்டும் என்று அவரை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். அன்று மட்டும் மழை பெய்யாதிருந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் பதினோரு வருஷம் நிம்மதியாகச் சமைத்திருப்பார்கள்.

மீன் சாறு வைத்தால், "பிலடெல்பியாவுல இதுல ஜாதிக்காய் தூவுவாங்க" என்பார். சோள அடை சுட்டால், "பிலடெல்பியாவுல சோளத்தக் குதிரைக்குத்தான் போடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே நாலாவது அடையை எடுப்பார். துக்க வீட்டிலும் விட மாட்டார்.

இந்த நேரத்தில் புதுப் போதகர் பதவியேற்கிற நாள் வந்தது. சுற்றுவட்டாரத்திலிருந்து பதினான்கு போதகர்கள் குதிரையேறி வருகிறார்கள். விருந்து கெசையா லூமிஸின் விடுதியில். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாய் அந்த விடுதியை இழுத்துப் பிடித்து நடத்துகிறவள் கெசையா. அவளுடைய உரிமத்தைப் புதுப்பிக்க ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விருந்தைப் பார்த்துவிட்டுத்தான் போடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். மூவரில் ஒருவர், சொல்ல வேண்டுமா, நம் டீக்கன்.

காலையிலேயே சமையலறைக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்தார். வான்கோழி குத்தியிருந்த கம்பியைத் தானே இரண்டு சுற்றுச் சுற்றி, விரலைச் சுட்டுக்கொண்டு, அதையும் கம்பியின் குற்றமாக்கினார். பிறகு, கொதிக்கும் அண்டாவுக்குள் துணி மூட்டையாய்த் தொங்கிய சோளமாவுப் புட்டிங்கைக் கண்டார்.

"இத எப்போ வைப்ப?"

"எப்பவும்போல முதல்ல, ஐயா. அப்புறந்தான் கறி."

"பிலடெல்பியாவுல கடைசியிலதாம்மா வைப்பாங்க. முதல்ல இனிப்பத் தின்னா நாக்கு செத்துப்போகும்."

"நாங்க நாக்குக்கு வைக்கல ஐயா, வயித்துக்கு வைக்கிறோம். நாலு மணி நேரம் பிரசங்கம் கேட்டுட்டு வர்றவங்க. முதல்ல இது உள்ள போனாத்தான் கறி எல்லாருக்கும் காணும். ரெண்டாம் பந்தியில முப்பது பேர் இருக்காங்க."

"பதினாலு போதகருங்க முன்னால நம்ம ஊரு காட்டு ஊருன்னு பேர் வாங்கணுமா? உன் உரிமத்துல நான் கையெழுத்துப் போடணுமா, வேண்டாமா?"

கெசையா கரண்டியைக் கீழே வைத்தாள். "சரிங்க ஐயா, கடைசியிலயே வைக்கிறேன்" என்றாள். மறுநாள் வரப்போகும் வண்டிக்காரர்களுக்காகச் செங்கல் அடுப்பில் அவரைக்கொட்டையும் உப்புப் பன்றிக்கறியும் கரும்புப் பாகு விட்டு இரண்டு பெரிய பானைகளில் வெந்துகொண்டிருந்தன. டீக்கன் அந்தப் பக்கம் போனதும் அடுப்புக் கதவைச் சாத்தி, அதன் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டாள்.

நாலு மணி நேரப் பிரசங்கம் ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. போதகர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு வான்கோழி, ஒரு பன்றித் தொடை, ஓர் ஆட்டுக்கால். டீக்கன் மேசையின் தலைப்பக்கம் நின்று கத்தியைக் கையில் எடுத்தார். அறுத்துப் போடுவதும் அவர்தான், பிலடெல்பியா அறுப்பு. "இப்படிக் குறுக்கா, மெல்லிசா, கத்திய அழுத்தாம..." போதகர்கள் கேட்டார்களா? தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்கள். ஒரு தட்டு நிறைவதற்குள் அடுத்த தட்டு வந்தது. நெஞ்சுக்கறி போயிற்று, கால் போயிற்று, இறக்கை போயிற்று, ஆட்டுக்கால் வெறும் தடியாயிற்று, டீக்கன் இன்னும் பிலடெல்பியாவில்தான் இருந்தார். அவருடைய வயிறு மட்டும் எல்ம்ஃபோர்டுக்குத் திரும்பி வந்து மேசைக்கே கேட்கும்படி உறுமியது. கடைசித் துண்டைத் தனக்கென்று ஓரமாக ஒதுக்கினார். பக்கத்திலிருந்த ஒல்லிப் போதகர், மிகவும் அடக்கமானவர், "ரொம்ப நன்றி டீக்கன்" என்று அதையும் எடுத்துக்கொண்டார்.

வாசலில் காத்திருந்த இரண்டாம் பந்தியிலிருந்து ஜெடெதையா பெல்டன் தலையை நீட்டினார். அவரும் உரிமத்தில் கையெழுத்துப் போட வேண்டிய மூவரில் ஒருவர்.

"என்ன கேலார்ட், வெறும் எலும்புதான் தெரியுது? எங்களுக்கு?"

"அதாவது, பிலடெல்பியாவுல..."

"அங்க நடந்து போய்ச் சாப்பிட்டுட்டு வரச் சொல்றியா?" பெல்டன் கெசையாவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இதுதான் நீ விருந்து போடுற லட்சணமா?"

அந்த ஏற்பாடு என்னுடையது என்று டீக்கன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாயையும் திறந்தார். பிறகு கத்தியின் கூர்மையைச் சோதிக்க ஆரம்பித்துவிட்டார்.

கெசையாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. "உங்க பந்திக்குத் தனியா வச்சிருக்கேன்யா. உட்காருங்க" என்றாள்.

முக்காலி நகர்ந்தது. அடுப்பு திறந்தது. கரும்புப் பாகும் பன்றிக்கொழுப்பும் கலந்த வாசனை கிளம்பியதில், மூச்சு முட்டத் தின்றிருந்த போதகர்களே திரும்பிப் பார்த்தார்கள். முப்பது பேரும் பானைகளின் அடி வரைக்கும் வழித்தார்கள். பெல்டன் பாதிச் சாப்பாட்டிலேயே உரிமத்தைக் கொண்டுவரச் சொல்லித் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார், மூன்றாமவரும் போட்டார்.

டீக்கன் மட்டும் மிச்சம். கெசையா காகிதத்தோடு புட்டிங்கையும் முழுசாகக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"வயித்துல இடமில்லன்னு யாருமே தொடல, ஐயா. நீங்க சொன்னபடி கடைசியிலதான் வச்சிருக்கேன்."

அவர் சாப்பிட்டார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகப் பேசாமல் சாப்பிட்டார். முக்கால் புட்டிங் உள்ளே போன பிறகு, பாகு ஒட்டிய கையாலேயே கையெழுத்துப் போட்டார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அந்த இலையுதிர் காலத்தில் ஹார்ட்ஃபோர்டில் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி பெண்டாட்டி முதலில் கறியைக் கொண்டுவந்து வைத்தாள். டீக்கன் தட்டை மெல்லத் தள்ளிவிட்டு, "எங்க எல்ம்ஃபோர்டுல புட்டிங்கத்தாம்மா முதல்ல வைப்பாங்க" என்றார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். சிரித்தும் இருப்பீர்கள். நல்லது. அவரிடமும் இதைப் படிக்கக் கொடுங்கள். படித்து முடித்ததும் அவருக்கு யார் முகம் நினைவுக்கு வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.