சுவருக்கு அந்தப் பக்கம் மீன் குழம்பு

வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்துத் திட்டு வாங்காதவர்கள் ரொம்பக் குறைவு. நான் ஆணியே அடிக்காமல், சுத்தியலைத் தொடாமல், வெறும் விரலால் ஹவுஸ் ஓனர் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டவள். அதைவிடக் கேவலம், அதைச் செய்தது நான்தான் என்று கடைசிவரை எனக்கே தெரியாது.

நான் பிறந்தது அகதி முகாமில். (இப்போது பலகையில் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள், வீடு அதே அளவுதான்.) அம்மாவும் அப்பாவும் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். முகாமில் எல்லா வீடும் ஒரே வரிசை, இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வீடு. ஒரு தட்டுத் தட்டினால் 'வெளியே வா'. இரண்டு தட்டினால் 'சாப்பிட்டாச்சு'. உடனே அந்தப் பக்கமிருந்தும் இரண்டு தட்டு வரும். வராவிட்டால் அம்மா ஒரு கிண்ணத்தில் எதையாவது போட்டு எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவாள். நான் பேசப் பழகும் முன்பே தட்டப் பழகியவள் என்று பெருமை வேறு பேசுவாள்.

படிப்பு முடிந்து ஒரகடத்தில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. முகாம் பிள்ளைகள் தனியாக வாழப் பழகுவதற்கென்றே ஒரு தொண்டு நிறுவனம் படப்பையில் வீடு எடுத்து வைத்திருந்தது. அங்கே எங்களைப் பார்த்துக்கொண்டவர் செல்வி அக்கா. சிலிண்டர் மாற்றுவது, கரண்ட் பில் கட்டுவது, 'லோன் வேணுமா மேடம்' என்று போன் செய்பவரிடம் வேண்டாம் என்று சொல்வது எல்லாம் அக்காவின் பாடங்கள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அக்காவே ஹவுஸ் ஓனராக உட்காருவார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய் ரூம் கேட்க வேண்டும். (முதல் தடவை நான் அந்தத் துண்டைப் பார்த்தே அழுதுவிட்டேன்.) இதெல்லாம் தேறியபின் தனி ரூம். முதல் சில மாதம் அக்கா ஞாயிறுதோறும் வந்து பார்ப்பார். அதுவும் தேறினால் நாம் பெரிய மனுஷி.

எனக்கு சேரப்பணஞ்சேரியில் ரூம் அமைந்தது. ஓனர் ஏழுமலை தன் வீட்டை ஒட்டி இரண்டு ரூம் கட்டியிருந்தார். முகாம் பெண் என்றதும் யோசித்தார். அக்கா விடாமல் நடையாய் நடந்த பிறகு இறங்கிவந்தார்.

"சரி, வர்ட்டும். ஆனா செவுத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. இந்தப் பொண்ணு எப்டி இருக்குதுனு பாத்துட்டுத்தான் இன்னொரு ரூமப் பத்திப் பேசுவேன்."

அந்த இன்னொரு ரூமுக்குக் காத்திருந்தவள் என் தோழி சுகந்தி. வழியனுப்பும்போதே சொன்னாள்: "ஒழுங்கா இருடி. என் வாழ்க்கை உன் கையிலதான் இருக்கு." (கையில்தான் இருந்தது. சொல்கிறேன்.)

முகாமில் உடை மாற்ற ஒரு மூலை கிடைக்காதா என்று ஏங்கியவள் நான். இப்போது நான்கு மூலையும் எனக்கே. முதல் வாரம் கதவைச் சும்மாவே பூட்டித் திறந்து விளையாடினேன். அடுத்த வாரம் அலுத்துவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்து கொஞ்சம் சோறு வடித்து, சுவரோரம் உட்கார்ந்து சாப்பிடுவேன். பெரியம்மா மகனை ஏசும் சத்தம் இல்லை. அந்த ஏச்சைக் கேட்கக்கூட ஒருத்தி ஏங்குவாளா? நான் ஏங்கினேன்.

ஒருநாள் ஏழுமலை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, உனுக்கு எதுனா சத்தம் கேக்குதா? டெய்லி சாப்புடற நேரத்துக்கு டொக்கு டொக்குனு ரெண்டு தபா. செவுத்துக்குள்ளேர்ந்து வருது."

"இல்லையே அங்கிள்." சத்தியமாக எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"பைப்புல காத்து அடிச்சிகினு கீது. என் மச்சான் போட்ட பைப்பு வேற எப்டி இருக்கும்?" வீடு கட்டிக் கொடுத்த மச்சான்மேல் அவருக்கு ஏற்கெனவே கடுப்பு.

"நல்லாப் பாருங்க அங்கிள், பெருசாகிடப் போகுது" என்று நானும் அக்கறையாக எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் முருகேசனை அழைத்து வந்தார். திருநெல்வேலிக்காரர். ஓனர் பக்கம் சமையலறை, டைல்ஸ் ஒட்டியது. அதனால் என் பக்கமிருந்து உடைப்பதாக முடிவு. செல்வி அக்காவும் அப்போதுதான் வந்து சேர்ந்தார். முருகேசன் சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

"காத்துதான் அண்ணாச்சி. ஒடைச்சாத்தான் தெரியும்."

உடைத்தார். பைப் இல்லை. "இன்னும் உள்ள கெடக்கும்" என்று மறுபடி ஓங்கி அடித்தார். செங்கல் ஒன்று டைல்ஸோடு பெயர்ந்து அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"ஐயோ, என் கொழம்பு!"

ஓனரின் மனைவி கஸ்தூரி ஆன்ட்டியின் குரல். அடுப்பில் வஞ்சிர மீன் குழம்பு. அதில் செங்கல்.

முருகேசன் அந்தப் பக்கம் ஓடினார். போன மானத்தை மீட்க, பைப் எங்கே என்று சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். டொக், டொக்.

என் கை தானாக எழுந்து சுவரில் இரண்டு தட்டுத் தட்டியது.

அந்தப் பக்கமிருந்து சந்தேகமாக, டொக், டொக். நான் மறுபடியும் தட்டினேன். சிரித்துக்கொண்டே தட்டினேனாம், அக்கா பிறகு சொன்னார். ரூமுக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சுவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, பைப்பு பதில் சொல்லுது!" என்று அலறினார் முருகேசன்.

ஏழுமலை என் கையைப் பார்த்தார். அக்கா பார்த்தார். நானும் பார்த்தேன். அப்போதுதான் எனக்கே புரிந்தது.

"டெய்லி தட்டனது நீதானா? ஒரு ஆணி அடிக்காதனு சொன்னா, செவுத்தயே பேத்துட்டியே!"

அக்காவின் முகம் வெளுத்தது. சுகந்தியின் ரூம் என் கண் முன்னாலேயே கைநழுவிப் போனது.

"சாப்பிட்டாச்சுன்னு சொன்னேன் அங்கிள்."

"ஆருகிட்ட?"

"பெரியம்மாகிட்ட... முகாம்ல சாப்பிட்டதும் ரெண்டு தட்டு தட்டுவம். பக்கத்து வீட்டுக்கு."

ஓட்டையில் கஸ்தூரி ஆன்ட்டியின் முகம் தெரிந்தது. கன்னத்தில் குழம்பு தெறித்திருந்தது. என்னையே பார்த்தார்.

"அப்போ வியாயக்கெயம? அன்னிக்கி சத்தமே வர்லியே. நீ துன்னலியா?"

வியாழக்கிழமை முகாமில் அம்மன் கோயில் திருவிழா. அம்மா போனைப் பிடித்து மேளச் சத்தத்தைக் கேட்க வைத்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, அப்படியே படுத்துவிட்டேன். அது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். எல்லார் முன்னாலும், பிளம்பர் முன்னாலும், ஓவென்று அழுதேன்.

ஏழுமலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆன்ட்டி விடவில்லை. "நீ சும்மா இரு. பைப்பு, மச்சான்னு குதிச்சது நீதான?" பிறகு என்னிடம், "செங்கல்லு படாத துண்டு ரெண்டு கீது. தட்ட எடுத்துகினு வா" என்றார்.

அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "குழம்புக்குத் தேங்காய்ப்பால் விட்டதோ பிள்ளை?"

சுவரை அடைத்தார்கள். பக்கத்து ரூமுக்கு சுகந்தி வந்தாள். அன்றிலிருந்து நான் தட்டினால் ஆன்ட்டி திருப்பித் தட்டினார். தட்டாத நாளில் கிண்ணத்தோடு வந்து நின்றார். என் கல்யாணத்துக்கு ஏழுமலை அங்கிள் ஒரு டப்பா நிறைய ஆணி பரிசளித்து, "இனிமே உன் வூடு, எவ்ளோ வேணா அடிச்சிக்கோ" என்று மேடையிலேயே சொன்னார். (புகைப்படத்தில் என் கணவர் அந்த டப்பாவோடுதான் நிற்கிறார்.)

இப்போது மறைமலை நகரில் இருக்கிறேன். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை, முள்செடி. சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குச் சில நாள் போன் அடிக்கும். எடுத்தால் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"இன்னாம்மா, சத்தமே வர்ல?"

போனின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவேன். ஆன்ட்டி திருப்பித் தட்டும்வரை வைக்க மாட்டேன்.