சீருடையைப் பார்த்துப் பள்ளி தேடியது

மதிப்புக்குரிய அத்தானுக்கு, தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டிய பிள்ளை இருக்கும் வீட்டில் நலத்துக்கு ஏது இடம்? இதை அக்காவுக்கும் படித்துக் காட்டுங்கள், நடுவில் சிரிக்காமல்.

எங்கள் பகுதியில் மூன்று அரசு ஆரம்பப் பள்ளிகள். உங்களுக்கே தெரியும், நம் குட்டிக்கு வீட்டில் வாய் ஓயாது. வெளியாளைக் கண்டால் பூட்டுப் போட்டுக்கொள்வாள். கவனிக்க ஆளில்லாத வகுப்பில் மாட்டினால் ஐந்து வருடமும் மூலையிலேயே போய்விடுமே என்று எனக்குப் பயம். விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தையல்காரனுக்குத் தெரிந்தது துணிதானே? சீருடையைப் பார்த்தே பள்ளியை எடைபோட்டுவிடலாம் என்று, கழுத்தில் கிடந்த டேப்பைக்கூடக் கழற்றாமல் மகளோடு கிளம்பிவிட்டேன்.

தண்ணீர்த்தொட்டிப் பள்ளியில் ஒரு பிள்ளையின் மடிப்பும் கலையவில்லை. அசந்துபோனேன். அப்புறம்தான் யோசித்தேன், உட்கார்ந்தாலே மடிப்பு கலையுமே, நிற்கவைத்தே பாடம் நடத்துகிறார்களோ? தலைமையாசிரியை இவளிடம் பேர் கேட்டதும் குட்டி எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "பேசவே மாட்டாளா? ரொம்ப நல்லதாப் போச்சு, தொல்லையில்லாத பிள்ளை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

தபால் நிலையத்துப் பள்ளி வாசலில் குனிந்து ஒரு பையனின் சட்டை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி டேப்பைப் பார்த்துவிட்டு, "ஏன்யா, இப்பத்தான் வர்றியா? காலையிலேருந்து காத்துக்கிட்டிருக்கோம்!" என்று உள்ளே இழுத்துப்போனார். அளவெடுக்க வரவேண்டிய ஆள் வரவில்லையாம். நான் வாயைத் திறப்பதற்குள் ஒன்றாம் வகுப்பு வரிசையில் நின்றுவிட்டது. வரிசையைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? மதியம்வரை அளவெடுத்தேன். அந்த வரிசையில் என் மகளும் நின்றிருக்கிறாள். அவளுக்கும் அளவெடுத்து முடித்த பிறகுதான் அவள் யாரென்றே எனக்கு உறைத்தது. சேர்க்கை பற்றிக் கேட்டால், "பேச்சக் கொறைங்க, ரெண்டாம் வகுப்பு பாக்கி இருக்கு" என்கிறார்கள். மகளை இழுத்துக்கொண்டு நழுவிவிட்டேன்.

மூன்றாவது, ரயில்வே கேட் பள்ளி. ஒரு முழங்காலும் முழுசாக இல்லை, காலரெல்லாம் மை. ஒருவன் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருக்கிறான், ஆசிரியையோ அதைக் கண்டுகொள்ளாமல் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார். வாசலோடு திரும்பிவிட்டேன்.

ஆகவே அத்தான், உங்கள் தெருப் பள்ளியிலேயே சேர்த்துவிடலாம், பிள்ளை உங்களோடு இருக்கட்டும். அலமாரியில் ஒரு தட்டு காலி செய்து வையுங்கள். திங்கட்கிழமை பெட்டியோடு வருகிறோம். அவளில்லாத வீட்டை நினைத்தால் மிஷினை மிதிக்கக் கால் வரவில்லை. இதைச் சொன்னதிலிருந்து அவள் அம்மா என்னோடு பேசுவதில்லை. அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் ஒரு தும்மல்கூட இல்லாமல் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தீர யோசித்து முடிவெடுத்த மைத்துனன்.

பின்குறிப்பு: அலமாரியைத் தொட வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் தாயும் மகளும் வந்து நிற்கிறார்கள். ரயில்வே கேட் பள்ளியில் சேர்த்தாகிவிட்டதாம். "யாரக் கேட்டு?" என்று குதித்தேன். "இவளக் கேட்டுத்தான். நீங்க துணியப் பாத்தீங்க, நான் பிள்ளைய உள்ள விட்டுப் பாத்தேன்" என்றாள். காகிதம் வெட்டிக்கொண்டிருந்த அந்த ஆசிரியையிடம் நம் குட்டி தானாகவே போய், "கத்தரிய அப்படிப் பிடிக்கக் கூடாது, எங்கப்பா பாத்தா திட்டுவாரு" என்றாளாம். அவர் கத்தரியை இவள் கையில் கொடுத்து, "அப்ப நீயே சொல்லிக் குடு" என்றாராம். மணியடிக்கும்வரை வாய் மூடவில்லையாம். அழுதுவிட்டேன் அத்தான். ஆனால் நான் அவளை ஒருநாளும் திட்டியதில்லை. அக்காவிடம் அதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.