ஏரியில் மிதந்த பெட்ரோல் டேங்க்

பத்தாவதோடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிற ஆள். எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். வீட்டில் ஆளுக்கொரு விதமாக இதைச் சொல்வதால், நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

காட்டூரில் பயிர் வைக்கும் குடும்பம் எங்களுடையது. பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தில் பெண் எடுத்தேன். (நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.) மாமனாரிடம் ஒரு பழைய புல்லட் இருந்தது. யாரையும் தொட விடமாட்டார். அதன் பெயிண்ட், அந்தக் காலத்தில் பழவேற்காட்டில் கோட்டை கட்டி இருந்த டச்சுக்காரர்கள் பூசிவிட்டுப் போனது போலிருக்கும். மச்சான் கல்யாண ஊர்வலம் அந்த வண்டியில்தான் என்று முடிவானதும், டேங்க்கின் பழைய பெயிண்டை நான் உரித்துத் தருகிறேன் என்று வாய்விட்டேன். எனக்குக் கல்யாணமான புதிது. அவரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும்.

டேங்க்கைக் கழற்றி, மூடியை இறுக்கி, அடியில் பெட்ரோல் இறங்கும் ஓட்டையில் கட்டையைச் செருகி, பெயிண்ட் ரிமூவர் பூசினேன். பெயிண்ட் அப்பளம் போல் பொங்கியது. கழுவலாம் என்று குடத்தைத் தொட்டதும் மனைவி தடுத்தாள்.

"குடிக்கிற தண்ணிய ஊத்தாதீங்க. அம்மாம் பெரிய ஏரி எதுக்கு கீது?"

முழங்கால் தண்ணீரில் நின்று சுரண்டும்போது ரிமூவர் பட்டுக் கை எரிந்தது. உதறினேன். டேங்க் மிதந்தது. ஏரி வற்றும் நேரம், தண்ணீர் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அது முகத்துவாரத்தைப் பார்த்துக் கிளம்பியது. நான் மார்பளவு வரை போய்த் திரும்பிவிட்டேன்.

சத்தம் போட்டிருந்தால் யாராவது எடுத்துத் தந்திருப்பார்கள். எனக்குத்தான் சத்தம் வராதே. உலாவப் போகிறவன் போலக் கரையோரம் அதன் கூடவே நடந்தேன். எதிரே படகுகள் வந்தன. அந்த ஊரில் ஏதாவது மிதந்தால் அடியில் யாருடைய வலையோ இருக்கிறது என்று அர்த்தம். அடுத்தவர் மிதப்பில் கை வைக்கமாட்டார்கள். ஒவ்வொரு படகும் டேங்க்குக்கு மரியாதையாக வழிவிட்டு ஒதுங்கிப் போனது.

கடைசியாக மாமனாரின் படகு. பெயிண்ட் உரிந்து கிடந்ததால் அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒதுங்கி வந்து கரை சேர்ந்தார்.

"பாத்தீங்களா மாப்ள? எவனோ வண்டி டேங்க்கையே மிதப்பா கட்டி வுட்டுக்கீறான். எவன் வண்டியோ, பாவம்."

மணலைப் பார்த்துக்கொண்டே, "நம்ம வண்டிதான் மாமா" என்றேன்.

அவர் டேங்க்கை எடுக்கப் படகைத் திருப்பினார்.

இன்றைக்கும் அந்த வீட்டில் எது காணாமல் போனாலும், "மாப்ள எந்தப் பக்கம் நடந்து போறார்னு பாரு" என்கிறார்கள்.

டேங்க்கை மீட்ட மறுநாள் பார்த்தால், உப்புத் தண்ணீர் பட்டதில் அது முழுக்கத் துரு. மாமனார் அதை வாசல் கம்பத்தில் படகுக் கயிற்றால் கட்டினார். துருவைத் தேய்க்க உப்புத்தாளை என் கையில் கொடுத்துவிட்டு வலைக்குப் போனார்.